ஏற்காட்டில் 15 பவுண்டு, 20 நிமிடம்: ஸ்போர் டெஸ்ட் மட்டும் ஏன் தோற்கிறது?

ஒண்டிக்கடை_டாக்டர் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். ஒரு வாரமாக மனசைப் பிசைந்துகொண்டிருக்கும் விஷயம். யாராவது வழி சொல்லுங்கள்.

நான் இருப்பது சேலத்தில். வாரத்தில் மூன்று நாள் மலையேறி ஏற்காட்டில் ஒரு சின்ன பல் கிளினிக் பார்க்கிறேன். ஒரே சேர். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத் தொழிலாளர்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கம் இருந்தெல்லாம் வருவார்கள். வலியைக் கிராம்பு வைத்து மாதக் கணக்கில் தாங்கிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் வந்து உட்காருவார்கள். அதனால் என்னிடம் பல் அடைப்பதைவிடப் பிடுங்குவதுதான் அதிகம். பிடுங்குவது என்றால் ரத்தம், எலும்பு. ஃபோர்செப்ஸ், எலிவேட்டர் எல்லாம் முழுக்கக் கிருமியற்று இருந்தே ஆக வேண்டும்.

சேலம் கிளினிக்குக்குப் புது ஆட்டோகிளேவ் (கருவிகளை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் மெஷின்) வாங்கியதும் பழையதை நான்கு மாதத்துக்கு முன் ஏற்காட்டுக்கு ஏற்றினேன். நின்ற வாக்கில் இருக்கும் குக்கர் டைப். அழுத்தம் காட்டும் முள் உண்டு, வெப்பநிலை காட்டாது. கீழே இருந்த நான்கு வருடமும் 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம்தான் வைத்தேன். எல்லா ஸ்போர் டெஸ்ட்டிலும் தேறியது. எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகளை (ஸ்போர்) உள்ளே வைத்து, அவை சாகின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட் அது. மேலே கொண்டுபோன அன்றே ஒரு டெஸ்ட் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷின்தானே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் செய்தேன். ஸ்போர் குப்பியை லோடின், அதாவது மெஷினில் அடுக்கிய கருவிகளின், நடுவில் வைத்து எடுத்து, 56 டிகிரி இன்குபேட்டரில் போட்டேன். மறுநாளே ஊதா நிறம் மஞ்சளாகிவிட்டது. அதாவது ஸ்போர் சாகவில்லை. இரண்டாவது முறையும் அதேதான். கருவி வைக்கும் பேப்பர்-பிளாஸ்டிக் உறைக்கு (பவுச்) வெளியே ஒட்டிய, சூடு பட்டால் கறுக்கும் டேப் மட்டும் இரண்டு முறையும் நன்றாகக் கறுத்திருந்தது.

அன்றிலிருந்து அந்த மெஷினைத் தொடவில்லை. சேலத்தில் ஸ்டெரிலைஸ் செய்த பவுச்களை மூடி போட்ட டப்பாவில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டு போகிறேன். எத்தனை நாளுக்கு இப்படி? பழுது எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள்.


அரிசிப்பாளையம்_பல் | ஞாயிறு, இரவு 9:48

மெஷினை நிறுத்தினீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் இதையெல்லாம் பாருங்கள் டாக்டர். கருவி வைக்கும் டிரம்மை நெருக்கி அடைத்து வைக்கிறீர்களா? பவுச்சைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் நீராவி போகவே போகாது. செங்குத்தாக, பேப்பர் பக்கம் அடுத்த பவுச்சின் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் (கேஸ்கெட்) காய்ந்து போயிருக்கிறதா? கன்ட்ரோல் குப்பி வைத்தீர்களா? அப்புறம் முக்கியமானது, வால்வைத் திறந்து வைத்து உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மூடுகிறீர்களா? காற்று மாட்டிக்கொண்டால் முள் 15 காட்டும், சூடு 15-க்கு உரியதாக இருக்காது.

நிமிடம் எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள்? சுவிட்ச் போட்டதிலிருந்தா, 15 தொட்டதிலிருந்தா?


ஒண்டிக்கடை_டாக்டர் | ஞாயிறு, இரவு 10:05

15 தொட்ட பிறகுதான் எண்ணுகிறேன். நீராவி நேர்கோடாகச் சீறி வரும்வரை ஐந்து நிமிடம் வால்வைத் திறந்தே வைக்கிறேன். கேஸ்கெட் புதிது. இரண்டாவது டெஸ்ட்டில் பாதி லோடுதான் வைத்தேன், பவுச்கள் நின்ற நிலையில். ஆட்டோகிளேவில் வைக்காத கன்ட்ரோல் குப்பி மஞ்சளானது, ஆகவே குப்பிகளில் குறை இல்லை. நீங்கள் சொன்ன எல்லாமே கீழே செய்த அதே முறை. அதனால்தான் குழப்பம்.


அஸ்தம்பட்டி_சீனியர் | திங்கள், காலை 6:30

அம்மா, முப்பது வருடமாகப் பல் பார்க்கிறேன். இவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டேப் கறுத்திருக்கிறது, முள் 15-ல் நின்றிருக்கிறது. நாங்கள் படிப்பு முடித்து வந்த காலத்தில் தண்ணீரில் கொதிக்க வைத்துத்தான் பல் எடுத்தோம். உங்களிடம் வந்ததால் நோய் வந்தது என்று ஒருவர்கூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. ஸ்போர் டெஸ்ட் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு உரியது. உங்களைப் போன்றவர்கள் மனம் தளர்ந்து மலையை விட்டு இறங்கிவிட்டால் அங்கே இருக்கிறவர்களுக்குப் பல் பார்க்க யார்?


மைக்ரோ_டீச்சர் | திங்கள், காலை 7:15

சார், மலை மக்களுக்காக நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் டேப்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே விட முடியவில்லை. இங்கே படிக்கிற இளம் டாக்டர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள்.

பவுச்சுக்கு வெளியே ஒட்டுகிற டேப் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், நடுவில் ஆவி புகுந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வேகாத பொட்டலத்தையும் வேகவைத்த பொட்டலத்தையும் மேசையில் பிரித்து வைக்கத்தான் அது. உள்ளே வைக்கிற ஐந்தாம் வகை இண்டிகேட்டர் பட்டை நேரம், வெப்பம், ஆவி மூன்றையும் சேர்த்து அளக்கும். ஆனால் உயிர் போனதா என்று உயிரை வைத்தே கேட்பது ஸ்போர் டெஸ்ட் ஒன்றுதான். அதில் இருக்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் மனிதனுக்கு நோய் தராது. ஈரச் சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது செத்தால் மற்றதும் செத்திருக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003-ம் வருட வழிகாட்டுதல், பல் கிளினிக் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாரம் ஒரு முறை இதைச் செய்யச் சொல்கிறது.

யாரும் திரும்பி வரவில்லை என்கிறீர்கள். எப்படி வருவார்கள் சார்? ஹெபடைடிஸ் பி உடம்பில் புகுந்து வெளியே தெரிய ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும். பலருக்கு மஞ்சள் காமாலைகூடத் தெரியாது. மார்ச்சில் பிடுங்கிய பல்லையும் ஆகஸ்டில் மஞ்சளாகும் கண்ணையும் எந்த நோயாளி முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்?

நம் பக்கத்திலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2023-ல் அது தெரியவந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி மூளை வரை போய்விட்டது. சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல், மறுபடி மறுபடி பயன்படுத்தியதைக் காரணமாக விசாரித்தவர்கள் எழுதினார்கள். அங்கே போனவர்களில் யாரும் பல்லால் சாவோம் என்று நினைத்துப் போயிருக்க மாட்டார்கள். சலைன் பாட்டில் என்றால் அற்பமான பொருளாகத்தான் தோன்றும். நம் தொழிலில் அற்பமான பொருள் என்று ஒன்று கிடையாது.

டாக்டர், உங்கள் மெஷினில் என்ன கோளாறு என்று எனக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் கீழே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க முடியுமா?


காபித்தோட்டம்_அக்கா | திங்கள், மதியம் 2:20

நான் டாக்டர் இல்லை. தலைப்பில் ஏற்காடு என்று இருந்ததால் படித்தேன். பேசலாமா என்று தெரியவில்லை, தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். சீர்வரிசையில் வந்த குக்கரைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். அம்மா வீட்டில் துவரம்பருப்பு மூன்று விசிலில் மலர்ந்துவிடும். இங்கே அதே குக்கர், அதே கடைப் பருப்பு, ஐந்து விசில் விட்டாலும் மத்து போட்டுத்தான் கடைய வேண்டும். முதல் வருடம் பருப்புதான் மோசம் என்று நினைத்தேன். மலைத் தண்ணீர் அப்படி என்பார் மாமியார். திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக இன்னும் நேரமாகும். தண்ணீர் சீக்கிரம் தளதளவென்று கொதித்துவிடும், உள்ளே வேகாது.

டாக்டரம்மா மெஷினும் குக்கர் டைப் என்கிறாரே. அதனால் கேட்டேன்.


சூரமங்கலம்_பயோமெடிக்கல் | திங்கள், இரவு 8:40

அக்கா சொன்னதுதான் விடை. ஆஸ்பத்திரி உபகரணங்கள் பழுது பார்ப்பதுதான் என் தொழில். நேற்றே இதைப் படித்தேன், எனக்கே உறைக்கவில்லை. அக்கா பருப்பைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

ஆட்டோகிளேவில் கிருமியைக் கொல்வது அழுத்தம் இல்லை, சூடான ஈர ஆவி. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கிற சூடும் ஏறும், அதற்காகத்தான் மூடி போட்டு அடைக்கிறோம். மூடியில் இருக்கிற முள் காட்டுவது உள்ளே இருக்கிற மொத்த அழுத்தத்தை அல்ல. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் காட்டும். மூடி திறந்திருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதே, அப்போது உள்ளே அழுத்தமே இல்லை என்றா அர்த்தம்? வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் உள்ளேயும் இருக்கிறது, அதை முள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது மலைக்கு வாருங்கள். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். சேலம் டவுன் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், அங்கே 98. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல், அங்கே காற்று மெலிந்து 84 அல்லது 85-தான். 15 பவுண்டு என்பது 103 கிலோபாஸ்கல். கூட்டிப் பாருங்கள். கடல் மட்டத்தில் மொத்தம் 204, நீராவி 121 டிகிரி. புத்தகத்தில் 15 பவுண்டுக்கு 121 என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். சேலத்தில் 201, சூடு 120-ஐத் தாண்டி நிற்கும். ஏற்காட்டில் 188. அந்த அழுத்தத்தில் நீராவி 118 டிகிரிதான்.

முள் பொய் சொல்லவில்லை டாக்டர். நாம் அதனிடம் சூட்டைக் கேட்டோம், அது அழுத்த வித்தியாசத்தைச் சொன்னது.

திறந்த பாத்திரத்தில் இன்னும் மோசம். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவியாகுமே தவிரச் சூடேறாது. கீழேயே கொதிக்க வைப்பது ஸ்டெரிலைசேஷன் இல்லை. மேலே அது இன்னும் நான்கு டிகிரி தள்ளி நிற்கிறது.


ஒண்டிக்கடை_டாக்டர் | திங்கள், இரவு 9:02

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. பிளஸ் டூவில் படித்த இயற்பியல். காபித்தோட்டம் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். 121 எங்கே, 118 எங்கே. மூன்று டிகிரிதானே குறைவு. அதற்காகவா ஸ்போர் பிழைத்துக்கொள்ளும்?


மைக்ரோ_டீச்சர் | திங்கள், இரவு 9:30

பிழைத்துக்கொள்ளும். இந்த ஸ்போருக்குச் சூடு பத்து டிகிரி குறைந்தால், அதே அளவு கொல்லப் பத்து மடங்கு நேரம் வேண்டும். மூன்று டிகிரி குறைந்தால் இரண்டு மடங்கு. அதாவது உங்கள் 20 நிமிடம் 121-ல் 10 நிமிடம் வைத்ததற்குத்தான் சமம்.

121 டிகிரியில் இந்த ஸ்போர் கூட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். குப்பியில் பொதுவாக ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் ஸ்போர் இருக்கும். இரண்டு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் ஐந்து முறை பத்தால் வகுக்கலாம். பத்து லட்சம் பத்தாகக் குறையும், பூஜ்யமாகாது. அந்தப் பத்து போதும், இன்குபேட்டரில் மறுநாள் மஞ்சளாகிவிடும். கீழே தேறிய மெஷின் மேலே மயிரிழையில் தோற்றதற்குக் கணக்கு இதுதான்.


அரிசிப்பாளையம்_பல் | திங்கள், இரவு 9:41

அப்படியென்றால் 17, 18 பவுண்டுக்கு ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே? வால்வில் கொஞ்சம் எடை கூட்டினால் போதாதா?


சூரமங்கலம்_பயோமெடிக்கல் | திங்கள், இரவு 9:50

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வால்வில் யாரும் கை வைக்காதீர்கள்.

கணக்குப்படி ஏற்காட்டில் 121 டிகிரி வேண்டுமென்றால் முள் பதினேழரை காட்ட வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தப் பாத்திரம் எவ்வளவு தாங்கும் என்று அதன் உடம்பில் அடித்திருக்கும் தகட்டில் இருக்கும். தயாரித்தவர் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. வால்வில் எடை வைத்தும் கம்பி கட்டியும் ஓட்டிய பாத்திரங்களைப் பழுது பார்க்கப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். மூடி எகிறினால் பக்கத்தில் நிற்கிற உதவியாளர் பெண்ணின் முகம்தான் போகும்.

செய்ய வேண்டியது நேரத்தைக் கூட்டுவது. 40 நிமிடம் வைத்துப் பாருங்கள். கணக்கை நம்பி நிறுத்திவிடாமல், லோடின் நடுவில், எட்டிய உச்சச் சூட்டைக் காட்டும் மேக்சிமம் தெர்மாமீட்டர் ஒன்றைப் போட்டு உண்மையில் எத்தனை டிகிரி வருகிறது என்று எடுங்கள். என்னிடம் வெப்பநிலைப் பதிவுக் கருவி இருக்கிறது, வியாழக்கிழமை மேலே ஒரு வேலையாக வருகிறேன், கொண்டுவருகிறேன். பிறகு தொடர்ந்து மூன்று ஸ்போர் டெஸ்ட் தேறினால் மட்டும் பயன்படுத்துங்கள்.

நிரந்தரத் தீர்வு, அழுத்தத்தைப் பார்க்காமல் வெப்பநிலையைப் பார்த்து ஓடும் தானியங்கி மெஷின். வாக்குவம் இழுத்துக் காற்றை எடுக்கும் பி கிளாஸ் இருந்தால் ஏரோட்டர் (பல்லைக் குடையும் கருவி) மாதிரி உள்ளே துளை இருக்கும் கருவிகளுக்கும் ஆவி போகும். அதிலும் பலவற்றில் உயரத்துக்கு ஏற்ற செட்டிங் உண்டு. பொருத்த வருகிற ஆளிடம் இது 1500 மீட்டர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கார்த்திகை, மார்கழியில் அங்கே மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். குக்கர் டைப்பில் உலர்த்தும் வசதி கிடையாது. பவுச் ஈரமாக வெளியே வந்தால் ஈரப் பேப்பர் வழியாகக் கிருமி உள்ளே இழுக்கப்படும், அதனால் அது ஸ்டெரைல் இல்லை. அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு மூடியைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்து உள்சூட்டிலேயே காய விடுங்கள். கரண்ட் நடுவில் போனால் விட்ட இடத்திலிருந்து எண்ணாதீர்கள், முதலிலிருந்து ஓட்டுங்கள்.


பொன்னம்மாப்பேட்டை_உதவியாளர் | செவ்வாய், காலை 5:55

எல்லோரும் ஆட்டோகிளேவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் கழுவுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கழுவுகிறேன். என்னைப் போன்றவர்கள்தான் கழுவுகிறோம்.

ஒன்பது வருடமாகப் பல் கிளினிக் உதவியாளர். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் பல் காறை சுரண்டும் ஸ்கேலரின் முனை விரலில் ஏறியது. பரிசோதனை செய்யும்போது போடுகிற மெல்லிய கையுறையோடுதான் கழுவச் சொல்வார்கள். சோப்புப் போட்டுக் கழுவு, ஒன்றும் ஆகாது என்றார்கள். அந்த நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கவில்லை, என்னுடையதையும் சோதிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து நானே காசு கட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அந்த ஆறு மாதமும் என் பிள்ளைக்குத் தட்டில் பிசைந்து ஊட்டவே பயந்தேன்.

இப்போது இருக்கும் இடத்தில் டாக்டர் நல்லவர். ஆனால் மற்ற பெண்களுக்குத் தடுப்பூசி பற்றிக்கூடத் தெரியாது. யாராவது தெளிவாக எழுதுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.


மைக்ரோ_டீச்சர் | செவ்வாய், காலை 7:40

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. இதை நீங்கள் நினைவூட்டும் வரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படித்துக் காட்டுவதற்கு எழுதுகிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்க்க வேண்டும். அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. வேலைக்குச் சேர்க்கிற டாக்டர்தான் இதைத் தன் செலவில் போட்டுத் தர வேண்டும், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு, கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி ஒட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை. எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்துக்கு மூன்று. எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள், தடுப்பூசி இருக்கிற நோயை மறந்துவிடுகிறார்கள்.

கழுவும்போது தடித்த ரப்பர் கையுறை, கண்ணாடி, ஏப்ரன். ஊசி மூடியை இரண்டு கையால் பிடித்துப் போடக் கூடாது. மூடியை மேசையில் கிடத்தி ஒரே கையால் கோதி எடுக்க வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு சொல்: ரத்தம் காய்ந்து ஒட்டிய ஃபோர்செப்ஸை 134 டிகிரியில் வைத்தாலும் பயனில்லை. அந்த அம்மா தேய்த்துக் கழுவும் பத்து நிமிடம்தான் மெஷின் செய்கிற வேலைக்கு அஸ்திவாரம்.


அரிசிப்பாளையம்_பல் | செவ்வாய், இரவு 10:15

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வரை என்னிடம் மூன்று ஏரோட்டர்தான் இருந்தது. கூட்டமான நாளில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு அதையே மாட்டியிருக்கிறேன். வெளியே பளபளவென்று இருக்கும். ஆனால் டர்பைன் நிற்கிற நொடியில் வாயில் இருக்கிற எச்சிலும் ரத்தமும் உள்ளே இழுக்கப்படும். அடுத்தவர் வாயில் சுழலும்போது அது வெளியே வரும். துடைக்கிற பஞ்சு அங்கே போகவே போகாது. இப்போது எட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தது. கடன் வாங்கித்தான் வாங்கினேன். முன்பே வாங்கியிருக்க வேண்டும்.


ஒண்டிக்கடை_டாக்டர் | வியாழன், இரவு 9:20

பயோமெடிக்கல் சார் இன்று வந்தார். 15 பவுண்டில் லோடின் நடுவில் 117.8 டிகிரி. அவர் தாளில் போட்ட கணக்கு அப்படியே திரையில் வந்து நின்றது. நேரத்தை 40 நிமிடமாக்கி முதல் ஸ்போர் குப்பி இன்குபேட்டரில் இருக்கிறது.

இப்போது வேறொரு கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு மாதத்தில் அங்கே பல் எடுத்தவர்கள் பதிவேட்டில் 41 பேர். அவர்களிடம் சொல்ல வேண்டாமா?


அஸ்தம்பட்டி_சீனியர் | வியாழன், இரவு 9:45

அம்மா, டேப் விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஒப்புக்கொள்கிறேன், இன்றே ஸ்போர் குப்பிகள் வாங்கச் சொல்லிவிட்டேன். ஆனால் இதில் யோசித்துச் செய்யுங்கள். மலையில் ஒரு வார்த்தை போனால் காற்றாகப் பரவும். பல் எடுத்தால் எய்ட்ஸ் வருமாம் என்று ஆகிவிடும். மறுபடி பயந்து வலியோடு வீட்டில் கிடப்பார்கள். அந்தச் சீழ் கழுத்துக்கு இறங்கி உயிரே போகும், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.


மைக்ரோ_டீச்சர் | வியாழன், இரவு 10:20

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான ஆபத்து எவ்வளவு? ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. வைரஸ்கள் கொதிநிலைக்கு அருகிலேயே சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். நன்றாகக் கழுவிய கருவி 118 டிகிரி ஆவியில் 20 நிமிடம் இருந்தால் அவை பிழைக்க வழியில்லை. பிழைக்கக் கூடியது டெட்டனஸ் போன்ற பாக்டீரியா ஸ்போர். அதிலும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். ஆக, ஆபத்து மிகச் சிறியது. ஆனால் ஆவி புகாமல் அடுக்கிய லோடு ஒன்றுகூட இருந்திருக்காது என்று நீங்கள் சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. அதற்காகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நேரில் பேசுங்கள், ஒவ்வொருவராக. கருவியைச் சூடாக்கும் மெஷின் மலை உயரத்தில் போதிய சூடு ஏறவில்லை, உங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம், செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காப்பார்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாகிறது என்றும் கேளுங்கள்.


பொன்னம்மாப்பேட்டை_உதவியாளர் | வெள்ளி, காலை 6:10

சொல்லுங்கள் மேடம். எனக்கு அன்றைக்கு யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தால் ஆறு மாதம் பயந்திருக்க மாட்டேன்.


ஒண்டிக்கடை_டாக்டர் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:30

மூன்று ஸ்போர் டெஸ்ட்டும் தேறின. குப்பிகள் ஊதாவாகவே இருக்கின்றன, கன்ட்ரோல் மட்டும் மஞ்சள். 40 நிமிடம் என்று மூடியிலேயே பெயின்ட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். இனி ஒவ்வொரு புதன்கிழமையும் டெஸ்ட். வெப்பநிலை பார்த்து ஓடும் மெஷினுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.

41 பேரில் 34 பேரைப் பார்த்துவிட்டேன். யாரும் சண்டை போடவில்லை. இரண்டு பேர் கோபப்பட்டார்கள், அது அவர்கள் உரிமை, கேட்டுக்கொண்டேன். 31 பேர் ரத்தம் கொடுத்தார்கள், இதுவரை வந்த முடிவுகளில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. கடைசியாகப் பல் எடுத்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும், தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன். நாகலூர்ப் பாட்டி ஒருவர் எல்லாம் கேட்டுவிட்டு, இன்னொரு கடைவாய்ப் பல்லும் ஆடுகிறது, புது மெஷின் வந்ததும் சொல் என்றார்.

மீதி ஏழு பேரின் போன் கிடைக்கவில்லை. காபிப் பழம் பறிக்க வேறு தோட்டங்களுக்குப் போயிருக்கிறார்கள். அக்கா, பெயர்களை நான் யாரிடமும் தரக் கூடாது. ஆனால் உங்கள் பக்கத்து லைன் வீடுகளில், ஆவணியிலிருந்து என்னிடம் பல் எடுத்தவர்கள் இருந்தால் புதன்கிழமை ஒரு நடை வரச் சொல்ல முடியுமா?


காபித்தோட்டம்_அக்கா | ஞாயிறு, இரவு 9:05

நாளைக்கே சொல்லிவிடுகிறேன் டாக்டரம்மா. பழம் எடை போட்டு லைனுக்குத் திரும்ப ஐந்தரை ஆகும், அங்கிருந்து பஸ் பிடித்து வர ஆறரை. அதுவரை கிளினிக் திறந்திருக்குமா?


ஒண்டிக்கடை_டாக்டர் | ஞாயிறு, இரவு 9:07

எட்டு மணி வரை இருப்பேன் அக்கா. திரும்பிப் போக ஜீப்புக்குச் சொல்லி வைக்கிறேன்.